நம் ஊர் சைக்கிளுக்கு ஏற்ப வயர்லெஸ் வேக, கேடன்ஸ் சென்சாரை மாற்றியமைப்பது எப்படி?

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து நாகர்கோவிலை நோக்கி எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும், வேகமானி காட்டும் எண்ணுக்கும் கால்கள் படும் பாட்டுக்கும் அங்கே தொடர்பே இருப்பதில்லை. முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று நம் வேகத்தைப் பாதியாக்கிவிடும். ஆனால் பெடல் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு, அதாவது கேடன்ஸ், உண்மையான நிலையைச் சொல்லும். அந்த எண் 60-க்குக் கீழே இறங்கினால் முழங்காலுக்குப் பாரம் கூடுகிறது, கியரைக் குறைக்க வேண்டும் என்று புரிந்துகொள்ளலாம். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் போனால் சிக்கல் வேறு வகையானது. ரப்பர் தோட்டங்களின் அடர்ந்த நிழலில் கைபேசியின் ஜிபிஎஸ் தடுமாறும். வளைவுகளை நேர்க்கோடாக வெட்டி, கடந்த தூரத்தையும் குறைத்துக் காட்டும். சக்கரத்தின் சுற்றையே எண்ணுகிற சென்சாருக்கு மரநிழல் ஒரு தடையல்ல.

ஆனால் சந்தையில் கிடைக்கும் வயர்லெஸ் சென்சார்கள் பெரும்பாலும் மெல்லிய குழாய்களும் அலுமினியக் கிராங்கும் (பெடலைத் தாங்கும் கை) கொண்ட பந்தய வகைச் சைக்கிள்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. இரும்புக் கிராங்க், பக்கவாட்டு ஸ்டாண்ட், சேலை சிக்காமல் இருக்கப் பின்சக்கரத்தில் போடும் கம்பி வலைக் காப்பு ஆகியவற்றோடு இருக்கும் நம் சைக்கிள்களில் அவற்றை அப்படியே மாட்டினால் சரிவர வேலை செய்யாது. அப்படிப்பட்ட சைக்கிளிலும் அவை பிழையின்றி எண்ணும்படி மாற்றியமைப்பது எப்படி என்பதை, இதுவரை எதையும் கழற்றிப் பழகாதவர்களும் செய்யும் வகையில் இங்கே எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். புதியவர்கள் பலரும் மாற்றியமைத்தல் என்றதும் உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக் பலகையைத்தான் நினைக்கிறார்கள். சிக்னலை அனுப்பும் வானொலிப் பகுதியில் நாம் செய்ய வேண்டியது எதுவுமில்லை, செய்யவும் கூடாது. வேலை முழுவதும் மூன்று இடங்களில்தான் இருக்கிறது: காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடையிலான இடைவெளி, சென்சாரைச் சைக்கிளோடு பிணைக்கும் முறை, நீரும் உப்பும் புகாத அடைப்பு.

எந்த வகையை வாங்குவது

காந்தம் வைத்து வேலை செய்யும் பழைய வகை, காந்தமே இல்லாத புதிய வகை என இவை இரண்டு வகைப்படும். பழைய வகையின் உள்ளே ரீட் சுவிட்ச் என்னும் சிறு கண்ணாடிக் குழல் இருக்கும். குழலுக்குள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள் முனையோடு முனை தொடாமல் நிற்கும். ஆரக்கம்பியிலோ கிராங்கிலோ பொருத்திய காந்தம் அருகே வரும்போது தகடுகள் ஒட்டிக்கொள்ளும், விலகியதும் பிரியும். ஒவ்வொரு ஒட்டலும் ஒரு சுற்று. புதிய வகையைச் சக்கரத்தின் நடு உருளையான ஹப்பிலோ கிராங்கிலோ ரப்பர் வளையத்தால் கட்டிவிட்டால் போதும்; அது சுழலும்போது தன்மேல் படும் விசையின் மாற்றத்தைக் கொண்டோ, புவியின் காந்தப்புலத்தைக் கொண்டோ சுற்றுகளைத் தானே எண்ணிக்கொள்ளும்.

மாட்டுவதற்கு எளிது புதிய வகைதான். ஆயினும் மாற்றியமைக்க விரும்புகிறவர்களுக்கு நான் பழைய வகையையே பரிந்துரைப்பேன். அதில் எது ஏன் நடக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம், கையால் சோதிக்கலாம், கெட்டுப்போன உறுப்பைச் சில ரூபாய்ச் செலவில் மாற்றலாம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. புவியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைக்கு மிக அருகே செல்கிறது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்து 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை ஏவியதற்கு இந்த அருகாமையே காரணம். காந்த நடுக்கோட்டின் அருகே புவியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகத் தெற்கு வடக்காகக் கிடக்கும். செங்குத்தான கூறு இல்லை என்றே சொல்லலாம். வடக்கு நோக்கிப் போகும் சக்கரத்தில் அந்தப் புலம் சக்கரம் சுழலும் தளத்திலேயே அமைவதால், புவிக்காந்தத்தை நம்பும் சென்சார் ஒவ்வொரு சுற்றிலும் முழு ஏற்ற இறக்கத்தை உணரும். நேர் கிழக்கு அல்லது நேர் மேற்காகப் போகும்போதோ புலம் சக்கரத்தின் அச்சுக்கு இணையாகிவிடும். சக்கரம் எத்தனை முறை சுழன்றாலும் சென்சார் காணும் மாற்றம் அற்பமே. உயர் அட்சரேகை நாடுகளில் செங்குத்துக் கூறு எப்போதும் இருப்பதால் இந்தச் சிக்கல் எழுவதில்லை. ஆகவே காந்தமில்லாத வகையைத்தான் வாங்குவேன் என்றால், அது புவிக்காந்தத்தை மட்டும் நம்புகிறதா, முடுக்கத்தை அளக்கும் சில்லும் அதில் இருக்கிறதா என்று விவரத்தாளைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

மேசைமேல் முதல் சோதனை

வாங்கி வந்ததும் சைக்கிளில் மாட்ட ஓடாதீர்கள். சென்சாரை மேசையில் வைத்து, அதில் சிஆர்2032 செல்லைப் போடுங்கள். 20 மில்லிமீட்டர் விட்டமும் 3.2 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட 3 வோல்ட் பட்டன் செல் இது. சிறு குழந்தைகள் விழுங்காமல் இருக்கக் கசப்புப் பூச்சு பூசிய செல்களும் விற்பனைக்கு வருகின்றன. அந்தப் பூச்சு சில கருவிகளில் மின்தொடர்பைத் தடுப்பதுண்டு. புதுச் செல் போட்டும் சென்சார் விழிக்கவில்லையென்றால், செல்லின் ஓரத்தைச் சிறிது ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் பாருங்கள். பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துவிடும். சிறு காந்தங்கள் இரண்டை விழுங்கினால் அவை குடலின் மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துக் குடலைத் துளைக்கும். வேலை முடியும்வரை இரண்டையும் மூடிய டப்பாவில் வையுங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அடுத்து, கைபேசியில் என்ஆர்எஃப் கனெக்ட் என்னும் இலவசச் செயலியை நிறுவி, சென்சாரைத் தேடி இணையுங்கள். சைக்கிள் வேகத்துக்கும் கேடன்ஸுக்கும் ப்ளூடூத் தரநிலை ஒதுக்கியிருக்கும் எண் 1816. அந்தப் பகுதியைத் திறந்து அளவீட்டு அறிவிப்பை இயக்கிவிட்டு, காந்தத்தைச் சென்சாரின் முன்னால் ஒருமுறை கடத்துங்கள். எண்ணிக்கை ஒன்று கூட வேண்டும். மெதுவாக, வேகமாக, மேலிருந்து கீழாக, பக்கவாட்டில் எனப் பலவிதமாகக் கடத்திப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் தூரம்வரை அது உணர்கிறது என்று அடிக்கோலால் அளந்து எழுதிவையுங்கள். பின்னால் செய்யப்போகும் எல்லா மாற்றங்களுக்கும் அந்த அளவுதான் அடிப்படை.

இந்தச் சோதனையில் இன்னொன்றும் விளங்கும். சென்சார் வேகத்தை அனுப்புவதே இல்லை. சக்கரம் இதுவரை எத்தனை சுற்று சுற்றியது, கடைசிச் சுற்று எந்த நொடியில் முடிந்தது என்ற இரண்டை மட்டும்தான் அனுப்புகிறது. அந்த நேரத்தையும் நொடியின் 1024-இல் ஒரு பங்கு என்ற அளவில் சொல்கிறது. சக்கரத்தின் சுற்றளவைக் கொண்டு பெருக்கி வேகமாக்குவது கைபேசி அல்லது சைக்கிள் கணினியின் வேலை. ஒரே சென்சாரோடு இணைந்த இரண்டு கருவிகள் வெவ்வேறு வேகத்தைக் காட்டினால், குறை சென்சாரில் இல்லை, கருவிகளில் கொடுத்த சுற்றளவில் இருக்கிறது.

காந்தத்தின் திசை

புதியவர்களை மிகவும் குழப்புவது இரட்டை எண்ணிக்கை. 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது திரை 40 காட்டும். அல்லது 80 சுற்று மிதிக்கையில் 160 என்று வரும். சென்சார் பழுது என்று திருப்பி அனுப்பிவிடுகிறவர்களும் உண்டு. பெரும்பாலும் காரணம் காந்தம் கடந்துபோகும் வழிதான்.

கடைகளில் கிடைக்கும் வட்டமான நியோடிமியம் காந்தத்தின் இரு தட்டை முகங்களும் இரு துருவங்கள். தட்டை முகம் ரீட் சுவிட்சை நேராகப் பார்த்தபடி, கண்ணாடிக் குழலின் நீளவாக்கில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடந்தால், தகடுகள் முதல் முனையருகே ஒட்டும், நட்டநடுவில் பிரியும், மறுமுனையருகே மீண்டும் ஒட்டும். குழலின் நடுவில் இரு தகடுகளும் ஒரே அளவில் இழுக்கப்படுவதால் அவற்றிடையே ஈர்ப்பு எழுவதில்லை. ஆக ஒரு சுற்றுக்கு இரண்டு எண்ணிக்கை. காந்தம் குழலுக்குக் குறுக்காக, அதன் ஒரு முனையை மட்டும் உரசுவதுபோல் கடந்தால் ஒரே ஒட்டல்தான் நிகழும். பல சென்சார்களின் உறையில் ஒரு சிறு கோடோ முக்கோணமோ பொறித்திருப்பார்கள். அது உறையின் நடுவில் இல்லாமல் ஓரமாக இருப்பதன் காரணம் இதுவே. காந்தம் அந்தக் கோட்டின் மேல் குறுக்காகக் கடக்கும்படி வையுங்கள். கோடு இல்லாத சென்சாரில், மேசைச் சோதனையில் ஒரு கடத்தலுக்கு ஒரே எண்ணிக்கை தந்த இடத்தைக் கண்டுபிடித்துப் பெயின்டால் புள்ளியிட்டுக்கொள்ளலாம்.

சைக்கிளில் பொருத்துதல்

வேகத்தையும் கேடன்ஸையும் ஒன்றாக அளக்கும் சென்சாரைப் பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் இடப்பக்கக் கீழ்க்குழாயில் வைப்பார்கள். வலப்பக்கம் செயினும் செயின் கவரும் இருப்பதால் அங்கே இடமில்லை. சென்சாரின் ஒரு முகம் கிராங்கைப் பார்க்கும். அதிலிருந்து நீளும் சிறு கை ஆரக்கம்பிகளைப் பார்க்கும்.

முதலில் சென்சாருக்கும் குழாய்க்கும் இடையே பழைய சைக்கிள் டியூபை வெட்டி, இரண்டு மூன்று மடிப்பாக வையுங்கள். வழுக்காமல் இருப்பதற்கு மட்டுமல்ல இது. இரும்புக் குழாய் ரீட் சுவிட்சை ஒட்டியிருந்தால் காந்தப்புலத்தின் ஒரு பங்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மேசைமேல் 8 மில்லிமீட்டரில் உணர்ந்த சென்சார் இரும்புக் குழாயின்மேல் அந்தத் தூரத்தில் உணராமல் போகலாம். ரப்பர் மடிப்பு சென்சாரைக் குழாயிலிருந்து விலக்குவதோடு, கிராங்குக்கும் நெருக்கமாகக் கொண்டுவருகிறது. பிளாஸ்டிக் டையை இறுக்கும்போது முதலில் பாதி இறுக்கத்தில் நிறுத்துங்கள். எல்லாவற்றையும் சோதித்து முடித்த பிறகே முழுவதும் இறுக்கி, மிச்சத்தை ஒட்ட வெட்ட வேண்டும். வெட்டிய முனை கூர்மையாக நின்றால் கணுக்காலைக் கீறிவிடும்.

கிராங்கில் காந்தத்தை வைப்பதில் நம் சைக்கிளுக்கு ஒரு வசதி இருக்கிறது. கோட்டர் பின் என்னும் ஆப்பு வைத்த பழைய கிராங்குகள் இரும்பால் ஆனவை. 10 மில்லிமீட்டர் விட்டமும் 5 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட நியோடிமியம் காந்தம் அவற்றில் தானாகவே கவ்விக்கொள்ளும். அப்படியே ஒட்டவைத்து, கிராங்கை மெதுவாகச் சுற்றி, எந்த உயரத்தில் சரியாக எண்ணுகிறது என்று நகர்த்தி நகர்த்திப் பார்த்த பிறகு இரு கலவை எப்பாக்ஸிப் பசையால் நிலையாக ஒட்டலாம். அலுமினியக் கிராங்கில் காந்தம் ஒட்டாது; அங்கே இன்சுலேஷன் டேப்பால் தற்காலிகமாகச் சுற்றிச் சோதியுங்கள். இடைவெளி 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருப்பது நல்லது. ஆனால் ஏறி மிதிக்கும்போது சட்டம் சிறிது நெளியும், பெடல் அச்சு சுழலும் பழைய பாட்டம் பிராக்கெட்டில் ஆட்டமும் இருக்கும். ஆகவே 3 மில்லிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள். இடைவெளி மிக அதிகமாக இருந்தால் இரண்டு காந்தங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது எளிய வழி.

ஆரக்கம்பிக் காந்தத்தைச் சக்கரத்தின் விளிம்பருகே வைத்தாலும் ஹப்பின் அருகே வைத்தாலும் எண்ணிக்கையில் வேறுபாடில்லை. ஒரு சுற்றுக்கு ஒரு கடத்தல்தான். வேறுபடுவது காந்தம் சென்சாரின் முன் நிற்கும் நேரம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், ஹப்பிலிருந்து 25 சென்டிமீட்டர் தள்ளியிருக்கும் காந்தம் நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் விரைகிறது. சென்சார் உணரும் 2 சென்டிமீட்டர் வெளியை இரண்டரை மில்லிநொடிக்குள் தாண்டிவிடும். அதையே ஹப்பிலிருந்து 12 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால் நேரம் இரட்டிப்பாகும். சமவெளியில் ஒழுங்காக எண்ணிவிட்டு, இறக்கத்தில் மட்டும் வேகம் திடீரெனச் சரிந்து காட்டினால் காந்தத்தை உள்நோக்கி நகர்த்துங்கள்.

சேலைக்காப்பு இருந்தால்: சுவிட்சை வெளியே கொண்டுவருதல்

பின்சக்கரத்தின் இடப்பக்கத்தைக் கம்பி வலை மூடியிருக்கும் சைக்கிளில் சென்சாரின் கை ஆரக்கம்பிகளை எட்டாது. காப்பைக் கழற்றிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். பின்னால் சேலையோ துப்பட்டாவோ அணிந்தவர் உட்காரும் சைக்கிளில் அந்தக் காப்பு உயிர்காக்கும் உறுப்பு; ஓர் எண்ணுக்காக அதைக் கழற்றக் கூடாது. பக்கவாட்டு ஸ்டாண்ட் சென்சாரின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் சைக்கிளிலும் இதே நெருக்கடிதான். இரண்டுக்கும் தீர்வு, வேகத்தை உணரும் ரீட் சுவிட்சை மட்டும் ஒரு கம்பியின் முனையில் வேறிடத்துக்குக் கொண்டுபோவது.

இங்கேதான் சென்சாரைத் திறக்க வேண்டியிருக்கிறது. திருகாணி வைத்த உறையையே தேர்ந்தெடுங்கள். ஒட்டி மூடிய உறையைப் பிளந்தால் மீண்டும் நீர்புகாமல் மூடுவது கடினம். செல்லை எடுத்துவிட்டுத் திறந்தால், பச்சைப் பலகையின் இரு ஓரங்களில் சோற்றுப்பருக்கையைவிடச் சற்று நீளமான கண்ணாடிக் குழல்கள் தெரியும். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே இரண்டு தகடுகளும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று சிறிது ஏறியிருப்பதும், அவற்றிடையே மயிரிழை போன்ற வெளி இருப்பதும் கண்ணுக்குப் புலப்படும். மல்டிமீட்டரை ஒலிக்கும் நிலையில் வைத்து ஒரு குழலின் இரு கால்களையும் தொட்டபடி காந்தத்தை அருகே கொண்டுவாருங்கள். ஒலித்தால் அதுவே சுவிட்ச். குழலுக்குப் பதிலாக மூன்று கால் கொண்ட கறுப்புச் சில்லு இருந்தால் அது வேறு வகை. இந்த மாற்றத்தை அதில் முயல வேண்டாம், மூடிவிடுங்கள்.

பழைய சுவிட்சைக் கழற்ற வேண்டியதில்லை என்பது இந்த முறையின் சிறப்பு. சாதாரண நிலையில் திறந்திருக்கும் சுவிட்ச் என்பதால், புதிய ரீட் சுவிட்ச் ஒன்றை அதற்கு இணையாகப் பற்றவைத்தால் இரண்டில் எது ஒட்டினாலும் எண்ணிக்கை ஏறும். பழையதன் அருகே காந்தம் வராதவரை அது சும்மா இருக்கும். பிற்பாடு வேண்டாமென்றால் கம்பியை வெட்டிவிட்டால் சென்சார் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். எலெக்ட்ரானிக் உதிரிபாகக் கடைகளில் 14 மில்லிமீட்டர் நீளக் கண்ணாடி ரீட் சுவிட்ச் கிடைக்கும். அதன் கால்களை மடக்கும்போது கண்ணாடியை ஒட்டி மடக்கினால் குழல் விரிசல் விடும். கண்ணாடிக்கும் மடிப்புக்கும் இடையே காலைக் குறடால் இறுகப் பிடித்துக்கொண்டு, பிடிக்கு வெளியே இருக்கும் பகுதியை மட்டும் மடக்க வேண்டும். மெல்லிய இரட்டைக் கம்பியை ஒன்றோடொன்று முறுக்கி, தேவையான நீளத்துக்குமேல் போகாமல் வெட்டிப் பற்றவையுங்கள். ஈயப்பற்றுக்கோலின் சூட்டை 350 டிகிரிக்குள் வைத்து, ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு மூன்று நொடியில் முடித்துவிடுங்கள். சூடு நீடித்தால் பலகையின் செம்புத் தடம் பெயர்ந்துவிடும். பற்றவைத்துப் பழக்கமில்லையென்றால் கைபேசி பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், அவருக்கு இது ஐந்து நிமிட வேலை.

வெளியே வந்த சுவிட்சுக்கு ஓர் உறை வேண்டும். பயன்படுத்தாத 1 மில்லி சிரிஞ்சின் பிளாஸ்டிக் குழல் இதற்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும். வேண்டிய நீளத்துக்கு வெட்டி, சுவிட்சை உள்ளே நுழைத்து, இடைவெளியை சிலிக்கான் பசையால் நிரப்புங்கள். பசையை வாங்கும்போது அமிலமற்ற வகை என்று கேட்டு வாங்க வேண்டும். உலரும்போது வினிகர் வாடை அடிக்கும் மலிவான வகை அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். அது செம்புக் கம்பியையும் பற்றிணைப்பையும் மெல்ல அரித்துவிடும். ஒருநாள் முழுவதும் உலர்ந்த பிறகு, அந்தக் குழலைக் காப்பின் உட்புறத்தில் ஆரக்கம்பிகளைப் பார்த்தபடி டை போட்டுக் கட்டுங்கள். கம்பியைக் குழாயை ஒட்டியே கொண்டுபோய் ஒவ்வொரு சாணுக்கும் ஒரு டை போட வேண்டும்; தொங்கும் கம்பி சக்கரத்தில் சிக்கினால் சென்சார் மட்டுமல்ல, ஆளே விழ நேரிடும்.

உப்புக்காற்று, மழை, கருமணல்

குளச்சலிலிருந்து கன்னியாகுமரிவரை கடலோரச் சாலைகளில் ஓட்டுகிறவர்கள் இந்தப் பகுதியைத் தவிர்த்துவிடக் கூடாது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து பொழியும் மாவட்டம் இது, கூடவே உப்புக்காற்று. உறையில் எழுதியிருக்கும் ஐபிஎக்ஸ் 7 என்ற தரம், ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரைமணி நேரம் தாங்கும் என்பதற்கான சோதனைதான். உப்புத் திவலை ஆண்டுக்கணக்கில் படிவதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

செல் மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றித் துடைத்து, சிலிக்கான் கிரீஸை விரல்நுனியால் மெல்லிய படலமாகத் தடவுங்கள். வாசலின் சில ரப்பர் வகைகளை உப்பச் செய்யும் என்பதால் அது வேண்டாம். உறையை மழைநாளில் மூடாதீர்கள்; உள்ளே அடைபடும் ஈரக்காற்று இரவுக் குளிரில் துளியாகிப் பலகையில் படியும். வெயில் காய்ந்த நண்பகலில் மூடுவதே நல்லது. நியோடிமியம் காந்தத்தின் நிக்கல் பூச்சு கீறிவிட்டால் உப்பு உள்ளே இறங்கி, காந்தம் பொருக்குப் பொருக்காக உதிரும். ஒட்டுவதற்குப் பயன்படுத்திய எப்பாக்ஸியையே காந்தம் முழுவதற்கும் ஒரு பூச்சாகக் கொடுத்துவிடுங்கள்.

மணவாளக்குறிச்சி, முட்டம் பக்கத்துக் கருமணல் இந்தச் சென்சார்களுக்குத் தனியொரு தொல்லை. அந்த மணலில் இல்மனைட் நிறைய இருக்கிறது. அங்குள்ள அருமணல் ஆலையில் அதை மற்ற கனிமங்களிலிருந்து பிரிப்பதற்கே காந்தங்களைப் பயன்படுத்துகிறார்கள். நியோடிமியம் காந்தம் மாட்டிய சக்கரத்தோடு அந்தக் கரையோரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், காந்தத்தின் விளிம்பில் கறுப்பு மணல் கம்பளிப்பூச்சியின் மயிர்போலச் சிலிர்த்து நிற்கும். கையால் துடைத்தால் போகாது, காந்தத்தைச் சுற்றிச் சுற்றி நகரும். நாளடைவில் அது 3 மில்லிமீட்டர் இடைவெளியை அடைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் சென்சாரின் முகத்தைத் தேய்க்கும். காந்தத்தின்மேல் ஒரு சிறு பிளாஸ்டிக் மூடியைக் கழற்றக்கூடிய வகையில் கவிழ்த்து வைத்தால், மணல் மூடியின்மேல்தான் படியும். மூடியைக் கழற்றிக் காந்தத்திலிருந்து தூரமாகக் கொண்டுபோனால் அத்தனை மணலும் தானே உதிர்ந்துவிடும். மூடியின் தடிமனையும் சேர்த்து இடைவெளியைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

சுற்றளவும் இணைப்பும்

டயர் அளவைப் பார்த்து அட்டவணையிலிருந்து சுற்றளவை எடுக்கலாம்: 700×25 டயருக்கு 2105 மில்லிமீட்டர், 700×32-க்கு 2155 என்று போட்டிருப்பார்கள். ஆனால் காற்றின் அழுத்தமும் ஆளின் எடையும் அதை மாற்றும். 28 அங்குலப் பழைய சைக்கிளுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் வரும் என்றாலும் அளந்துவிடுவதே மேல். வால்வு தரையைத் தொடும் நிலையில் சாக்பீஸால் கோடு கிழித்து, நீங்கள் சைக்கிளின்மேல் உட்கார்ந்திருக்க ஒருவர் பிடித்துத் தள்ள, மூன்று சுற்று நேராக உருட்டி, தூரத்தை மூன்றால் வகுங்கள். பின்சக்கரத்தில் சென்சார் இருந்தால் பின்சக்கரத்தைத்தான் அளக்க வேண்டும். 32 டயருக்கு 23 டயரின் அளவான 2096-ஐக் கொடுத்துவிட்டால் 100 கிலோமீட்டர் ஓட்டினாலும் 97-ஐச் சற்றுத் தாண்டித்தான் காட்டும். நெடுஞ்சாலையின் கிலோமீட்டர் கற்களைக் கொண்டும் சரிபார்க்கலாம். ஒரு கல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே பார்க்காமல், நாலைந்து கற்களைச் சேர்த்துப் பார்த்தால் கல் சற்றுத் தள்ளி நட்டிருக்கும் பிழை கரைந்துவிடும்.

இணைப்பில் ஒரே ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும். ப்ளூடூத் வழியாகப் பெரும்பாலான சென்சார்கள் ஒரு நேரத்தில் ஒரு கருவியோடு மட்டுமே பேசும். சைக்கிள் கணினி சென்சாரைக் கண்டுபிடிக்கவில்லையென்றால், முன்பு சோதித்த கைபேசிச் செயலி அதைப் பிடித்துவைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆன்ட் பிளஸ் என்னும் வேறொரு கம்பியில்லா முறையில் ஒரே சென்சாரைப் பல கருவிகள் ஒரே நேரத்தில் கேட்கலாம், ஆனால் பெரும்பாலான கைபேசிகளில் அந்த வசதி இல்லை. கைபேசியின் பொதுவான ப்ளூடூத் அமைப்புப் பக்கத்தில் சென்சாரை இணைக்காதீர்கள். ஓட்டும் செயலிக்குள்ளிருந்தே இணைக்க வேண்டும்.

சாலையில்

முதல் ஓட்டம் வீட்டருகே, மேடுபள்ளமுள்ள தெருவில் அரைமணி நேரம் இருக்கட்டும். டைகள் தளர்வதும் காந்தம் நகர்வதும் அங்கேயே தெரிந்துவிடும். மிதிப்பதை நிறுத்தியும் கேடன்ஸ் விழாமல் ஓடினால், கிராங்க் காந்தம் சென்சாரின் உணர்வெல்லையின் விளிம்பில் வந்து நின்று, அதிர்வில் சுவிட்சைத் தட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். காந்தத்தை ஒரு மில்லிமீட்டர் நெருக்கமாக நகர்த்தினால் சரியாகும். வேகம் அவ்வப்போது ஒரு கணம் பாதியாகி மீண்டால் ஒரு சுற்று தவறியிருக்கிறது. இடைவெளியை மீண்டும் அளந்து பாருங்கள். வேகமும் கேடன்ஸும் ஒரே நேரத்தில் மறைந்தால் காந்தத்தில் குற்றமில்லை. செல் தளர்ந்திருக்கும் அல்லது தீர்ந்திருக்கும். கடலோரம் ஓட்டிவந்த நாளில் ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, காந்தத்தின் மூடியைக் கழற்றி மணலை உதறுங்கள். ஐப்பசி மழை பிடிக்கும் முன் ஒருமுறை செல் மூடியைத் திறந்து பாருங்கள். தொடுதகட்டில் பச்சைப்படிவு தெரிந்தால் ஆல்கஹாலில் தோய்த்த பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்து, ரப்பர் வளையத்துக்குப் புதிதாகக் கிரீஸ் தடவி மூடிவிடுங்கள்.